நாளைக்கு என்ன வரி, என்ன நூல் விலை, யாருக்கும் தெரியாது: பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கான தலைமைப் பயிற்சி வழிகாட்டி

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள், அந்தச் சனிக்கிழமை சம்பளம் போடக் கையில் செல்லும் நோட்டு இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது, அதே மாதம் 27-ல் அது 50 ஆனது.

ஒரே ஊர், பதினைந்து வருடத்துக்குள். இவ்வளவுக்கும் நடுவில் தாக்குப்பிடித்த கம்பெனிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், அந்த ஓனர்கள் யாரும் ஜோசியம் பார்த்து முன்கூட்டித் தெரிந்து வைத்திருந்தவர்கள் இல்லை. அடி விழுந்த அன்றைக்கு யார் யாருக்குப் போன் பண்ணுவது, யார் எதை நிறுத்துவது, எந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே பேசி முடிவானதாக இருந்தது. தலைமைப் பயிற்சி என்று நான் சொல்வது அதைத்தான். ஸ்டார் ஹோட்டலில் இரண்டு நாள், மதியம் பஃபே, சாயங்காலம் பலூன் ஊதும் விளையாட்டு, கடைசியில் சான்றிதழ் என்று நடக்கிற பயிற்சியால் திங்கட்கிழமை கட்டிங் டேபிளில் ஒன்றும் மாறாது. இந்த மாதிரிச் சூழலுக்கு மேனேஜ்மென்ட் வகுப்புகளில் 'வுகா' (VUCA: நிலையின்மை, நிச்சயமின்மை, சிக்கல், தெளிவின்மை) என்று ஒரு பெயர் உண்டு, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியில் புழங்க ஆரம்பித்தது. பெயர் தெரிந்ததால் யாருக்கும் ஒரு ஆர்டர் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

கீழே இருப்பது ஐம்பது முதல் முந்நூறு டெய்லர்கள் வரை உள்ள ஏற்றுமதிக் கம்பெனியை மனதில் வைத்து எழுதியது. வேறு தொழில் என்றால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை அதேதான்.

படி 1: தெரியாததைப் பிரித்து எழுதுங்கள்

'எதுவுமே நம்ம கையில இல்லைங்க' என்று மொத்தமாகச் சொல்வது சுலபம். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் வரும் என்று தெரியும், தேதி மட்டும் தெரியாது என்கிற விஷயங்கள். சாயப்பட்டறை வழக்கு வருடக்கணக்கில் நடந்தது, சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போனது ஊருக்கே தெரியும், தெரியாதது உத்தரவு வரும் நாள் மட்டும். இரண்டாம் பத்தியில் தினமும் ஏறி இறங்குபவை: நூல் விலை, டாலர், கன்டெய்னர் வாடகை. மூன்றாவதில் எங்கிருந்து என்றே தெரியாமல் வருபவை, இதில் எழுத அதிகம் இருக்காது, காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் பிரிக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. முதல் பத்திக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும், நூல் கிலோவுக்கு இவ்வளவு ஏறினால் புது விலை சொல்வோம், அதுவரை பேசமாட்டோம் என்கிற மாதிரி. மூன்றாவதுக்கு ஒத்திகையைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தத் தாளை ஓனர் தனியாக எழுதக்கூடாது. மெர்ச்சண்டைசர் (ஆர்டர் கொடுப்பவரோடு பேசி அதை முடித்துத் தருபவர்), கட்டிங் மாஸ்டர், அக்கவுண்டன்ட், ஆள் கொண்டு வரும் கான்ட்ராக்டர் நான்கு பேரும் தனித்தனியாக எழுதிக் கொண்டு வரட்டும். நான்கு தாளும் நான்கு விதமாக இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஆபத்து அநேகமாகக் கட்டிங் மாஸ்டர் தாளில்தான் இருக்கும்.

படி 2: கெட்ட செய்தி மேலே வரும் வேகத்தைக் கூட்டுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி ஊரில் இருந்த பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில், மின்னலால் மின்சாரம் ஏறி இறங்கி ஒரு சின்னத் தீ. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே படக்கூடாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் போய்விட்டன. அந்தச் சிப்புகளை நம்பியிருந்த பெரிய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், நோக்கியாவும் எரிக்சனும். இரண்டு பேருக்கும் பிலிப்ஸ் முதலில் சொன்னது ஒரே செய்தி: ஒரு வாரம் தாமதம் ஆகும்.

நோக்கியாவில் அந்தப் போனை எடுத்த கொள்முதல் மேலாளர், ஒரு வாரம்தானே என்று விடாமல் உடனே மேலே சொன்னார். அந்தச் சிப்புகளைத் தினசரிக் கண்காணிப்பில் வைத்தார்கள். விஷயம் வாரக்கணக்கில் முடியாது, மாதக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்ததும், பிலிப்ஸின் மற்ற தொழிற்சாலைகளில் இருந்த இடத்தைக் கேட்டு வாங்கினார்கள், வேறு கம்பெனிகள் செய்து தரும்படி சில சிப்புகளின் வடிவமைப்பையே மாற்றினார்கள். எரிக்சனில் அதே செய்தி கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. பெரியவர்கள் காதுக்குப் போனபோது வாரங்கள் ஓடிவிட்டன, மிச்சமிருந்த சிப்புகளை மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த வருடமே எரிக்சன் தன் செல்போன் தொழிலை சோனியோடு சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்கு மாற்றியது. காரணம் அந்தத் தீ மட்டும் இல்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். டையிங்கிலிருந்து, அதாவது சாயப்பட்டறையிலிருந்து, நேவி நிறத்தில் ஒரு லாட் துணி வருகிறது, ரோலுக்கு ரோல் ஷேடு, அதாவது நிறம், வித்தியாசம். கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டார். அவருக்கு முன்னால் இரண்டு வழி: கண்டும் காணாமல் கட்டிங் போட்டுவிடலாம், செக்கிங்கில் யார் தலையிலாவது விழட்டும், அல்லது நிறுத்திவிட்டு ஓனருக்குப் போன் செய்யலாம். எதைச் செய்வார் என்பது போன முறை அவர் போன் செய்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. அவ்வளவுதான் விஷயம். 'எல்லாம் கடைசி நேரத்துல சொல்லுவீங்களா, முன்னாடியே பார்க்க மாட்டீங்களா' என்று ஒரு தடவை கத்தியிருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களுக்கு நல்ல செய்தி மட்டும்தான் வரும்.

இதற்குப் பயிற்சி இப்படி. கெட்ட செய்தி வந்தால் முதலில் கேட்கும் மூன்று கேள்வியை நீங்கள் மனப்பாடம் செய்யுங்கள்.

"அண்ணா, நேவி லாட்டுல ஷேடு அடிக்குதுங்க. கட்டிங் போடாம நிறுத்தி வெச்சிருக்கறனுங்க."

"எத்தனை கிலோங்க மாஸ்டர்? வேற யாருக்குச் சொல்லியாச்சு? இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

யார் தப்பு என்கிற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்க வாரக் கடைசியில் நேரம் இருக்கிறது. இதோடு ஒரு விதி: டெலிவரி தேதியையோ பணத்தையோ பாதிக்கும் எந்தச் செய்தியும் தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஓனருக்கு வந்துவிட வேண்டும், பாதி தெரிந்தாலும் சரி, உறுதி ஆகாவிட்டாலும் சரி. காலையில் லைன் ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் எல்லாரும் நின்றுகொண்டே பேசுங்கள். ஒவ்வொரு பிரிவும் ஒரு கெட்ட செய்தியாவது சொல்ல வேண்டும். முதல் வாரம் 'ஒண்ணும் இல்லைங்க' என்றுதான் வரும். யாராவது ஒருவர் வாயைத் திறந்து, அவருக்குத் திட்டு விழாமல் போனால் மற்றவர்களும் திறப்பார்கள்.

படி 3: யார் எதை முடிவு செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

ஓனர் போன் எடுக்காததால் ஒரு நாள் நின்ற கம்பெனிகள் நிறைய. திரும்பப் பெறக்கூடிய முடிவு, திரும்பப் பெற முடியாத முடிவு என்று இரண்டாகப் பிரியுங்கள். ஜாப் ஒர்க்கை (வெளியே கொடுத்துச் செய்யும் வேலையை) இன்னொரு யூனிட்டுக்கு மாற்றுவது, ஒரு லைனை வேறு ஸ்டைலுக்குத் திருப்புவது, ஓவர்டைம் போடுவது, இதெல்லாம் தப்பானால் அடுத்த நாள் சரிசெய்யலாம். இவற்றைச் சூப்பர்வைசரும் மெர்ச்சண்டைசரும் கேட்காமலே செய்யட்டும். பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, கேட்ட நிறத்தில் சாயம் போடுவது, துணியை வெட்டுவது, விலையை எழுத்தில் ஒப்புக்கொள்வது, ஏர் ஷிப்மென்ட் புக் பண்ணுவது, இவை நடந்தால் நடந்ததுதான். இதற்கு ஓனர் கையெழுத்து வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் எல்லையும் எழுதுங்கள். மெர்ச்சண்டைசருக்கு 10,000, ஃபேக்டரி மேனேஜருக்கு 50,000 என்று எதுவோ ஒன்று, உங்கள் கம்பெனி தாங்குகிற அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்து எல்லையைக் கூட்டுங்கள். அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் எல்லைக்குள் இருந்தால் ஆள் முன்னால் மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

குடும்பக் கம்பெனிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அப்பா ஒன்று சொல்வார், எம்பிஏ படித்துவிட்டு வந்த பையன் இன்னொன்று சொல்வார், சூப்பர்வைசர் இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டு எதையும் செய்யமாட்டார். தாளில் இரண்டு பேர் பெயரும் ஒரே வேலைக்கு நேராக வரக்கூடாது. வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது இது, ஆலோசகர் யாரும் வந்து தீர்த்துவைக்க முடியாது.

படி 4: மாதம் ஒரு ஒத்திகை

தீயணைப்பு ஒத்திகை பையரின் ஆடிட்டுக்காக நடத்துகிறோம் இல்லையா, அதே மாதிரி தொழிலுக்கும் ஒன்று. தொண்ணூறு நிமிடம், ஐந்தாறு பேர், போன்கள் மேசை மேல் கவிழ்த்து. ஒருவர் நடத்துபவர், அவர் ஓனராக இருக்கக்கூடாது. ஓனர் அவர் வேலையைத்தான் செய்ய வேண்டும், அதாவது மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரி சொல்கிறேன். 40,000 டி-ஷர்ட், பீஸ் 3.20 டாலர், மொத்தம் 1,28,000 டாலர். நிட்டிங் முடிந்துவிட்டது, பாதித் துணி டையிங்கில், மீதி கோராவாக, அதாவது சாயம் ஏறாத துணியாக, குடோனில். நடத்துபவர் ஒரு தாளை நீட்டுகிறார், பையரின் மெயில்: 'வரி ஏறிவிட்டது, 10 சதவீதம் தள்ளுபடி தாருங்கள், இல்லையென்றால் ஆர்டரை நிறுத்தி வைக்கிறோம், நாளை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.' 12,800 டாலர். என்ன செய்வீர்கள்?

முதல் பதினைந்து நிமிடம் எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். விடுங்கள், நேரம் ஓடட்டும். அப்புறம் யாராவது ஒருவர், பெரும்பாலும் அக்கவுண்டன்ட், 'இதுவரைக்கும் எவ்வளவு செலவு ஆயிருக்கு' என்று கேட்பார். அங்கிருந்துதான் ஒத்திகை ஆரம்பம். டையிங்கை இப்போதே நிறுத்த முடியுமா, எந்த லாட் இன்னும் மெஷினில் ஏறவில்லை? கோராத் துணியை வேறு ஆர்டருக்குத் திருப்பலாம், ஜிஎஸ்எம்மும் (துணியின் எடை) டயாவும் (அகலம்) ஒத்துப்போனால். சாயம் ஏறிய துணிக்கு அந்தப் பையரை விட்டால் நல்ல விலை தர ஆள் கிடையாது. லேபிள் அடித்தாகிவிட்டதா? 10 கொடுப்பதற்குப் பதில் 4 கொடுத்து, டெலிவரியை இரண்டு வாரம் தள்ளி, அடுத்த ஆர்டரின் அளவை எழுத்தில் வாங்க முடியுமா?

இருபதாவது நிமிடம் நடத்துபவர் இன்னொரு சீட்டை நீட்டுவார்: டையிங்காரர் பழைய பாக்கி கேட்கிறார், தராவிட்டால் துணி வராது. நாற்பதாவது நிமிடம் மூன்றாவது சீட்டு: பக்கத்து யூனிட்டில் லே-ஆஃப் என்று டெய்லர்கள் பேசிக்கொள்கிறார்கள். மூன்றும் ஒன்றாக வரும்போதுதான் யார் எதைக் கையில் எடுக்கிறார்கள், யார் உறைந்து போகிறார்கள் என்று தெரியும்.

இந்த ஒத்திகையிலிருந்து ஒரு நிஜமான முடிவு வெளியே வர வேண்டும். மேலே சொன்ன மாதிரியில் வரக்கூடியது: இனி பெரிய ஆர்டர்களில் முழுத் துணியையும் ஒரேயடியாகச் சாயத்துக்கு அனுப்ப மாட்டோம், கடைசிப் பகுதியை முடிந்தவரை கோராவாகவே வைத்திருப்போம். சாயத்தைத் தள்ளிப்போடுவது புது யுக்தி ஒன்றும் இல்லை, இத்தாலியின் பெனட்டன் ஸ்வெட்டர்களைப் பின்னி முடித்துவிட்டு எந்த நிறம் விற்கிறதோ அந்தச் சாயம் போட்டே பெரிய ஆளானது. ஆனால் நம் ஊரில் டையிங்காரர் சின்ன லாட்டுக்கு முகம் சுளிப்பார், கிலோ ரேட்டும் கூடும், ஷேடு ஒத்துப்போகாத ஆபத்தும் உண்டு. அந்தக் கூடுதல் செலவு 12,800 டாலரோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று அக்கவுண்டன்ட் அங்கேயே போட்டுக் காட்டட்டும்.

ஒத்திகைக்கு நேரம் இல்லை என்பவர்களுக்கு இருபது நிமிட வழி ஒன்று. அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் பரப்பியது. புது ஆர்டர் எடுக்கும் முன் எல்லாரையும் உட்காரவைத்து, 'ஆறு மாதம் கழிந்துவிட்டது, இந்த ஆர்டர் நம்மைக் கவிழ்த்துவிட்டது, எப்படி என்று எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். கவிழுமா என்று கேட்டால் மரியாதைக்காகக் கவிழாது என்பார்கள். கவிழ்ந்துவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டால் காரணம் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது.

படி 5: பதின்மூன்று வாரப் பணக் காலண்டர்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வாரமும் என்ன வரும், என்ன போகும், அடுத்த பதின்மூன்று வாரத்துக்கு. சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, மின்கட்டணம், வங்கி வட்டி, பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) கெடு, ஜாப் ஒர்க் பாக்கி. சிறு, குறு உற்பத்தியாளர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற விதியையும் இதில் குறியுங்கள், கெடு தாண்டினால் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதை வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியும். இதை ஃபேக்டரி மேனேஜருக்கும் மெர்ச்சண்டைசருக்கும் காட்டுங்கள். லாப விவரம் காட்ட மனம் வராது, சரி, காட்ட வேண்டாம். எந்த வாரம் கை இறுக்கம் என்று தெரிந்தாலே போதும், அந்த வாரத்தில் அவர்கள் எடுக்கும் முடிவுகள் மாறும்.

படி 6: தெரியாது என்பதைச் சொல்லப் பழகுங்கள்

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி நேரம் வேறு. ரயில் நிலையத்தில் கூட்டம். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்தது. உண்மை இல்லை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஹாஸ்டல்களில் பை கட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி அழுகிறார், கம்பெனியில் அவர்கள் மொழியில் பேச ஒருவரும் இல்லை.

ஆகவே பயிற்சியின் முதல் பகுதி: ஒவ்வொரு மொழிக்காரர்களிலும் ஒருவரைப் பிடியுங்கள், ஹிந்தி, ஒடியா, பெங்காலி எதுவானாலும், லைனில் மற்றவர்கள் மதிக்கிற ஆளாக. பிரச்சினை வந்த அன்று அவரைத் தேடக்கூடாது, இன்றே காலைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். இரண்டாவது பகுதி உங்களுக்கு. பேசும்போது மூன்று விஷயம் மட்டும்: எங்களுக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்து எப்போது சொல்வோம். 'இந்த வாரமும் அடுத்த வாரமும் வேலை இருக்கு, அதுக்கப்புறம் எனக்கே தெரியலைங்க, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து சொல்றேன்.' வெள்ளிக்கிழமை சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்து மணிக்குப் போய் நிற்க வேண்டும். 'ஒரு பிரச்சினையும் இல்லை, நீங்க வேலையைப் பாருங்க' என்று சொன்ன கம்பெனியில்தான் மறுநாள் மெஷின்கள் காலியாகக் கிடக்கும்.

படி 7: முடிந்ததும் நான்கு கேள்வி

அமெரிக்க ராணுவம் கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில் வளர்த்தெடுத்த முறை. என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவோம். ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் அரை மணி நேரம் போதும். பதவியில் சின்னவர் முதலில் பேச வேண்டும், ஓனர் கடைசியில். தமிழ்நாட்டில் இது சுலபம் இல்லை, பெரியவர் இருக்கும்போது சின்னவர் வாய் திறப்பது வழக்கத்தில் கிடையாது, அதனால் முதல் சில தடவை எழுதி வாங்கிப் படியுங்கள்.

படி 8: பக்கத்து யூனிட்காரரோடு முன்னாலேயே பேசி வையுங்கள்

1997 பிப்ரவரி 1-ல் ஜப்பானில் டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு செய்து கொடுத்த ஐசின் தொழிற்சாலை எரிந்துபோனது. கையிருப்பு மிகக் குறைவு, டொயோட்டாவின் தொழிற்சாலைகள் நின்றன. ஆனால் ஒரு வாரத்துக்குள் மறுபடி ஓட ஆரம்பித்தன, ஏனென்றால் மற்ற சப்ளையர்கள் எல்லாரும் கிடைத்த மெஷினில் அந்த வால்வைச் செய்து கொடுத்தார்கள். அதில் ஒருவர், நம் ஊரில் பாதி லைன்களில் பெயரைப் பார்க்கிற தையல் மெஷின் கம்பெனி, பிரதர். பணம் எவ்வளவு என்று பேரம் பேசிவிட்டு யாரும் ஆரம்பிக்கவில்லை.

உங்களுக்கு அப்படி உதவ யார் இருக்கிறார்கள்? இரண்டு பெயர் எழுதுங்கள். அவர்களுடைய நெருக்கடியில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். ஜெனரேட்டரா, கம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) நேரமா, இருபது டெய்லரா, தெளிவாக.

படி 9: ஓனர் இல்லாத வாரம்

கடைசிப் படி, பலருக்கும் பிடிக்காத படி. ஐந்தாறு மாதம் மேலே சொன்னதைச் செய்த பிறகு ஒரு வாரம் வெளியூர் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு அழைப்பு, அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்கு. மற்ற நேரம் போன் அணைந்திருக்கும் என்று பையருக்கும் சொல்லிவிடுங்கள், யாரிடம் பேச வேண்டும் என்று பெயர் கொடுத்துவிடுங்கள். ஷிப்மென்ட் இல்லாத வாரமாகப் பார்த்துப் போவது ஏமாற்று வேலை.

திரும்பி வந்ததும் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஏழு மணிக்கு உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எத்தனைக்குப் பதில் படி 3 தாளிலேயே இருந்தது? இருந்தும் கேட்டார்கள் என்றால் அந்த ஆளுக்கு உங்கள் மேல் இன்னும் பயம், அவரோடு தனியாக டீ குடித்துப் பேசுங்கள். தாளில் இல்லாத கேள்வி என்றால் அந்த வரியைச் சேருங்கள். அப்புறம், நீங்கள் இல்லாதபோது நடந்த கெட்ட விஷயம் எது, அது யாரிடமிருந்து எத்தனை மணி நேரம் கழித்து மேனேஜருக்குப் போனது? இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் படி 2-ஐ மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றவை அதுவரை நிற்கட்டும்.